ஒரு கிளிக் போகும் வழி

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்துங்கள். வால்பேப்பரும் திறந்திருந்த விண்டோக்களும் மறைந்து, கறுப்புத் திரையில் பயனர் பெயரைக் கேட்டபடி ஒரு வரி மட்டும் நிற்கும். பயப்பட வேண்டாம், எதுவும் கெட்டுப்போகவில்லை. டவுன்லோட் ஆகிக்கொண்டிருந்த ஃபைல் இப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எஃப்3-க்குப் பதில் எஃப்1 அல்லது எஃப்2 (சில கணினிகளில் எஃப்7) அழுத்தினால் பழைய திரை அப்படியே திரும்பி வரும்.

லினக்ஸைப் பொறுத்தவரை டெஸ்க்டாப் என்பது மேலே ஏற்றி வைத்த இன்னொரு புரோகிராம். அதை இறக்கி வைத்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம். ஒன்றுமே ஏற்றாமலும் விடலாம். உலகின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

கறாராகச் சொன்னால் லினக்ஸ் என்பது கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் புரோகிராம்களுக்கும் நடுவில் நிற்கும் அடித்தள நிரல் மட்டும்தான். ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாக 1991 ஆகஸ்டில் அறிவித்தாரே, அதுதான் இது. இந்தக் கெர்னலுக்கு விண்டோ என்றால் என்னவென்றே தெரியாது. மவுஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பட்டன் அழுந்தியது என்பது தெரியும். திரைக்கு அனுப்ப வேண்டிய பிக்சல்கள் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்பதும் தெரியும். நடுவில் நடப்பதெல்லாம் வேறு புரோகிராம்களின் வேலை.

பிரவுசரில் ஒரு பட்டனைக் கிளிக் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "இடது பட்டன் அழுந்தியது" என்று கெர்னல் சொல்லும். திரையில் எந்த இடத்தில் என்று சொல்லாது. மவுஸின் ஒவ்வொரு சிறு நகர்வையும் கூட்டிக் கழித்து, அம்பு இப்போது எங்கே நிற்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது காம்போசிட்டர் என்ற புரோகிராம். எந்த விண்டோ எதன் மேல் கிடக்கிறது என்பதும் அதற்குத்தான் தெரியும். அம்புக்கு அடியில் பிரவுசர் இருப்பதைப் பார்த்து, "உன் மேல்மூலையிலிருந்து இத்தனை பிக்சல் தள்ளி ஒரு கிளிக்" என்று அதனிடம் சொல்கிறது. பிரவுசர் தன் பக்கத்தைப் புதிதாக வரைந்து, அந்தப் படத்தைக் காம்போசிட்டரிடம் கொடுக்கிறது. அது மற்ற விண்டோக்களின் படங்களோடு சேர்த்து ஒட்டி, முழுத் திரைக்கான ஒரே படமாக்கிக் கெர்னலிடம் தள்ளிவிடுகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை என்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 16.7 மில்லி நொடி.

இது வேலண்ட் என்ற புதிய முறை. கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் 2008-ல் தொடங்கியது. அதற்கு முன் கோலோச்சியது எக்ஸ் என்ற பழைய முறை. 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்து, 1987-ல் வந்த பதினோராம் பதிப்போடு எக்ஸ்11 என்று நிலைத்துவிட்டது. ஒரு கணினியில் ஓடும் புரோகிராமை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியின் திரையில் காட்டுவதை மனதில் வைத்துக் கட்டியது அது. "இங்கே கோடு போடு, அங்கே எழுத்து எழுது" என்று புரோகிராம்கள் கேட்கும், எக்ஸ் வரைந்து கொடுக்கும். நாளடைவில் புரோகிராம்கள் தாங்களே வரையக் கற்றுக்கொண்டன. எக்ஸ் நடுவில் நிற்கும் தரகராக மிஞ்சியது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எக்ஸ் எல்லோரையும் நம்பும். உங்கள் டெஸ்க்டாப்பில் ஓடும் ஏதோ ஒரு விளையாட்டு நினைத்தால், பக்கத்து விண்டோவில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்க முடியும். வேலண்டில் ஒரு விண்டோவுக்குப் பக்கத்து விண்டோ தெரியாது. திரையில் தான் எந்த மூலையில் இருக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. இந்தக் கண்டிப்புக்கும் விலை இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் பல பழைய கருவிகள் வேலை செய்யாமல் போயின. திரையைப் பகிர, பயனரிடம் அனுமதி கேட்கும் தனி வழியைக் கட்ட வேண்டியிருந்தது. எரிச்சல்தான். ஆனாலும் கண்டிப்பு பக்கமே என் ஓட்டு.

காம்போசிட்டரோடு பேனல், ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் ஒரே கைவண்ணத்தில் சேர்ந்து வந்தால் அது டெஸ்க்டாப் சூழல். கேடிஇ என்ற சூழல் 1996-ல் தொடங்கியது. அது க்யூட்டி என்ற நிரல் நூலகத்தின் (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) மேல் நின்றது. க்யூட்டியின் உரிமம் அப்போது முழுமையாகக் கட்டற்றதாக, அதாவது யாரும் மாற்றிப் பகிரக்கூடியதாக, இல்லை. அந்த மனத்தாங்கலில் 1997-ல் க்னோம் பிறந்தது. உரிமப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டாலும் இரண்டு குடும்பங்களும் இரண்டாகவே வளர்ந்தன. 2011-ல் க்னோம் 3 தோற்றத்தையே மாற்றியபோது, பழையதை விட மனமில்லாதவர்கள் க்னோம் 2-ன் மூலநிரலை எடுத்து மாட்டே என்று தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்குபவர்கள் சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கினார்கள். எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் இந்தச் சண்டைகளில் பெரிதாகக் கலந்துகொள்ளாமல் தன் பாட்டுக்கு இலகுவாக இருக்கிறது. பழைய கணினிக்கு அது நல்ல தேர்வுதான். ஆனால் பிரவுசரில் இருபது டேப் திறந்துவிட்டால், டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த நினைவகமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

அப்புறம் லினக்ஸை முழுத் தொகுப்பாகத் தரும் டிஸ்ட்ரோ எதற்கு? கெர்னல், காம்போசிட்டர், நூலகங்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள் எழுதுபவை. எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று பார்த்து, தொகுத்து, பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து, பொதிகளாகக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோவின் வேலை. 1993-ல் தொடங்கிய டெபியன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய நிலையான பதிப்பைத் தருகிறது. நடுவில் பெரிய மாற்றம் இருக்காது. ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவில் புதியவை வந்துகொண்டே இருக்கும். ஒரே எக்ஸ்எஃப்சிஇயை இரண்டிலும் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூட வித்தியாசம் சட்டென்று தெரியாது. அப்டேட் செய்யும் நாளில் தெரியும். புத்தம்புது லேப்டாப்பின் வைஃபை, பழைய கெர்னலில் வேலை செய்யாதபோதும் தெரியும். புதிதாக வருபவர்கள் எந்த டிஸ்ட்ரோ என்று வாரக்கணக்கில் குழம்புகிறார்கள். தினமும் கைபடப் போவது டெஸ்க்டாப்தான், அதை முதலில் பாருங்கள் என்பேன்.

பார்ப்பது எளிது. இருக்கும் டிஸ்ட்ரோவிலேயே இன்னொரு டெஸ்க்டாப்பை நிறுவினால், லாகின் திரையில் பாஸ்வேர்டு கட்டத்துக்குப் பக்கத்திலோ மூலையிலோ உள்ள சிறு பட்டியலில் அதன் பெயரும் சேர்ந்துவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது, எந்தப் புரோகிராமை முதலில் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் சில வரி டெக்ஸ்ட் ஃபைல் மட்டுமே. ஆனால் சோதனைக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இதன் ஐகானும் அதன் தீமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மெனுவில் இரண்டு கால்குலேட்டர் வந்து உட்காருவதை மட்டும் தவிர்க்க முடியாது.