புது ஸ்பீக்கரும் திறந்த யன்னலும்

புது ஸ்பீக்கர் சோடியை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பாட்டைப் போட்டதும் "சத்தம் எப்படி?" என்று எல்லாரும் கேட்பார்கள். அந்த நேரத்தில் காதுக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு அறையின் சத்தம். ஸ்பீக்கரிலிருந்து நேரே வருவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் சுவரிலும் நிலத்திலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. சீமெந்துச் சுவர், மாபிள் நிலம், கொங்கிறீட் கூரை என்று இப்போது யாழ்ப்பாணத்தில் கட்டும் வீடுகளில் இந்தப் பங்கு இன்னும் கூட.

எங்கள் ஹோலில் அண்மையில் வைத்த சோடி நடுத்தர அளவு. தாழ்ந்த சுருதிக்கு ஆறரை அங்குல வூஃபர், உயர்ந்த சுருதிக்கு ஒரு அங்குல ட்வீட்டர், பெட்டியின் பின்பக்கம் காற்றுத்துளை. முதலில் போட்டது நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பதிவு. ஸ்பீக்கரைச் சோதிக்க இதைவிடத் திறமான இசை இல்லை என்பது என் எண்ணம். ஒலிப்பதிவுக்கூடத்தில் கோத்து எடுத்த சினிமாப் பாட்டின் அசல் சத்தம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தவில் அப்படியில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி வாசித்த மண் இது. கோயில் வீதியில் பக்கத்தில் நின்று தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அசல் எது என்று நன்றாகத் தெரியும்.

கேட்டது இதுதான். நாதஸ்வரம் கூர்மையாக, கொஞ்சம் காதைக் குத்துகிற மாதிரி வந்தது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் வேகமான சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடப்பக்கமான தொப்பியில் கம்பு விழும் அடி 'தொம்' என்று முடியாமல் 'தொம்ம்ம்' என்று இழுத்தது. இரண்டாவது உருப்படி தொடங்கும்போது அம்மா, "தம்பி, அந்த யன்னலைத் திறந்து விடு, புழுங்குது" என்றா. இரண்டு யன்னலையும் முன்கதவையும் திறந்தோம். வலந்தலைச் சொற்கள் தனித்தனியே பிரிந்து விழத் தொடங்கின. ஸ்பீக்கரில் யாரும் கை வைக்கவில்லை.

இதன் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாலஸ் சபீன். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் எதிரொலி ஐந்தரை வினாடிவரை நின்றது. அதைச் சரிசெய்யும் வேலை இளம் இயற்பியல் ஆசிரியரான சபீனிடம் வந்தது. அவர் வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பினார். ஓர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, சத்தம் தேய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார். எந்தப் பொருள் எவ்வளவு சத்தத்தை விழுங்குகிறது என்று சொல்ல அவருக்கு ஒரு அலகு வேண்டியிருந்தது. திறந்த யன்னலையே அலகாக எடுத்தார். யன்னலால் வெளியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே அது முழுமையான உறிஞ்சி.

அவருடைய சூத்திரம் எளிது. அறையின் கனவளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு) தேய எடுக்கும் வினாடிகள் கிடைக்கும். 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான வெறும் அறை ஒன்றை எடுப்போம். கனவளவு 60 கனமீற்றர், சுற்றிவர எல்லாப் பக்கமும் சேர்த்து 94 சதுர மீற்றர். பூச்சுச் சுவரும் மாபிளும் சராசரியாக நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சும் என்று வைத்தால் 2.8 சதுர மீற்றர் திறந்த யன்னலுக்குச் சமம். விடை ஏறத்தாழ 3.4 வினாடி. உண்மையிலேயே ஒரு 5 சதுர மீற்றர் கதவு, யன்னலைத் திறந்தால் 1.2 வினாடிக்கு இறங்கிவிடும். வீட்டில் பாட்டுக் கேட்க அரை வினாடி அளவு நல்லது. மிச்சத்தைக் கதிரை, திரைச்சீலை, பாய், அலுமாரி நிறைந்த உடுப்பு, வந்திருக்கும் ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொள்ளும். பழைய நாற்சார் வீடுகளில் நடுமுற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்ததால் இந்தத் தொல்லையே பெரிதாக இருந்திராது.

ஆனால் அந்தத் 'தொம்ம்ம்' யன்னல் திறந்தும் முழுதாகப் போகவில்லை. அதன் காரணம் வேறு. 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். 5 மீற்றர் நீள அறையில் 35 ஹேட்ஸ், அதாவது வினாடிக்கு 35 முறை அதிரும் அலையின் பாதி சரியாகப் பொருந்தும். அகலத்துக்கு 44, உயரத்துக்கு 58. இந்தச் சுருதிகளிலும் அவற்றின் மடங்குகளிலும் அலை முன்னும் பின்னும் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தண்ணீர் இரு கரையிலும் ஏறி இறங்க, நடுவில் மட்டம் அசையாமல் கிடக்குமே, அதேபோல்தான். சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் என்கிற தாழ்ந்த சத்தம் முட்டும், அறையின் நடுவில் அதே பேஸ் காணாமல் போகும். கதிரையை ஒரு முழம் தள்ளிப் போட்டுப் பாருங்கள், வேறு ஸ்பீக்கரோ என்று தோன்றும். பாயும் மெல்லிய திரைச்சீலையும் இந்தத் தாழ்ந்த அலைகளை ஒன்றும் செய்யாது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இழுத்து வைப்பதுதான் முதல் வைத்தியம். தாழ்ந்த சுருதி பெட்டியின் எல்லாப் பக்கமும் பரவுவதால் பின்சுவர் அதைத் திருப்பி அனுப்பி ஊதிப் பெருப்பிக்கும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமைந்தால் இரு காதுக்கும் சத்தம் ஒரே நேரத்தில் சேர்ந்து, நாதஸ்வரம் நடுவில் வந்து நிற்கும்.

அப்புறம், கடைக்காரர் சொல்லும் "நூறு மணித்தியாலம் ஓடவிட்டால் சத்தம் கனியும்" என்ற கதை. ஸ்பீக்கரில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பைத் தாங்கும் இறப்பர் விளிம்பும் துணி வளையமும் புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்து ஓட ஓடத் தளரும் என்பது மெய். அந்த மாற்றம் சிறிது, பெரும்பாலும் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். பிறகு கனிவது நம் காது. முதல் நாள் குத்தின கூர்மை பழகிப்போகிறது.

காதுக்கு இன்னொரு குணம் உண்டு. 1933இல் ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டியது அது. சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த சுருதி மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து மறையும். இரவில் அயலவருக்காகக் குறைத்து வைத்தால் அதே ஸ்பீக்கர் மெலிந்து போனதுபோல் கேட்பது இதனால்தான். ஒப்பிட்டுக் கேட்கும்போது கொஞ்சம் கூட்டி வைத்த ஸ்பீக்கர் பெரும்பாலும் வெல்வதற்கும் இதுவே ஒரு காரணம். ஒரு டெசிபல் வித்தியாசத்தை நாம் சத்தம் கூட என்று உணரமாட்டோம், 'இது தெளிவு' என்று சொல்லிவிடுவோம். ஆகவே வாங்கும் முன் இரண்டு சோடியை ஒப்பிடுவதானால் போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். கடையில் அதற்கு நேரம் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்க விடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.