சரியான்னு கேட்டா சரின்னு சொல்ற பிள்ளைங்க

கோர்ட்டுக்கு சாட்சி சொல்ல வர்ற பிள்ளைங்க கூட போய் உக்கார்றதுதான் என் வேலை. போக்சோ கேஸ்ல, அதாவது பிள்ளைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டத்துல வர்ற கேஸ்ல, இதுக்குன்னு குழந்தைகள் நலக் குழு ஒரு ஆள போடுவாங்க, சட்டத்துல ஆதரவு நபர்னு பேரு, கோர்ட்ல எல்லாரும் சப்போர்ட் பெர்சன்னுதான் கூப்பிடுவாங்க. இப்படி ஒரு ஆள கேட்டு வாங்கலாம்ங்கறதே நெறைய பெத்தவங்களுக்கு சம்மன் கைக்கு வந்தப்புறமும் தெரியறதில்ல, அதனாலதான் இத எழுதறேன். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு கீழ விவரங்கள மாத்திருக்கேன்.)

சம்மன் வந்த உடனே வீட்ல மொதல்ல பண்றது என்ன தெரியுமா, பிள்ளைய உக்கார வச்சு பாடம் எடுக்கறது. "அங்க போயி இப்படி சொல்லணும், தேதி மறக்காம சொல்லணும்"னு பரீட்சைக்கு ஒப்பிக்க வைக்கிற மாதிரி. பயத்துலதான் பண்றாங்க, புரியுது. ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கற மொத கேள்விகள்ல ஒண்ணு "யார் சொல்லிக்குடுத்தா?"ங்கறதுதான், பிள்ளையும் மறைக்கத் தெரியாம "அம்மா நேத்து நைட்டு சொல்லிக்குடுத்தாங்க"ன்னு சொல்லிடும். முடிஞ்சுது. நடந்தத சொல்லிக்குடுக்காதீங்க, அந்த எடத்த சொல்லிக்குடுங்க. யாரு எங்க உக்காருவாங்க, டைப் அடிக்கிற சத்தம் கேக்கும், ஜட்ஜ் நடுவுல நிறுத்தி எழுதச் சொல்வாங்க, அது உம்மேல கோவத்துல இல்ல. முடிஞ்சா சாட்சி நாளுக்கு முன்னாடியே ஒரு தடவ கூட்டிட்டு போய் காட்டிடுங்க, பாத்ரூம் எங்க இருக்குன்னு கூட.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. கோர்ட் தமிழ் ஒண்ணு இருக்குங்க, அது நம்ம வீட்டுத் தமிழ் இல்ல. "நீ அன்னிக்கு அந்த வீட்டுக்கே போகலைன்னு சொன்னா சரியா?"ன்னு கேப்பாங்க. வக்கீல், கிளார்க், போலீஸ் எல்லாருக்கும் பழகிப்போன பேச்சு, தினம் நூறு தடவ கேக்கறது. ஆனா ஒம்பது வயசு பிள்ளைக்கு "சரியா"ன்னா என்ன? அம்மா "சீக்கிரம் தூங்கணும், சரியா?"ன்னு கேட்டா "சரி"ன்னு சொல்லணும், அதான் அதுக்கு தெரிஞ்ச அர்த்தம். ஒரு பாப்பா மூணு கேள்விக்கு தொடர்ந்து "சரி, சரி, சரி"ன்னு தலையாட்டுச்சு, மூணும் அவ சொன்னதுக்கு நேர் எதிரானது. ஜட்ஜ் அம்மா நல்லவங்க, கண்ணாடிய கழட்டி வச்சுட்டு "பாப்பா, நீ அந்த வீட்டுக்கு போனியா, போகலையா?"ன்னு கேட்டாங்க. "போனேன்". அவ்ளோதான். எல்லா ஜட்ஜும் அப்படி நிறுத்தி கேக்க மாட்டாங்கங்கறதும் உண்மை.

சட்டத்துல இதுக்கு வழி இருக்கு. போக்சோ 33ஆவது பிரிவுப்படி ரெண்டு பக்க வக்கீலும் கேள்விய ஜட்ஜ்கிட்ட குடுக்கணும், ஜட்ஜ்தான் பிள்ளைகிட்ட கேக்கணும், மெரட்டற மாதிரியோ நடத்தைய அசிங்கப்படுத்தற மாதிரியோ கேக்க விடக்கூடாது, நடுநடுவுல பிரேக் குடுக்கணும், திரும்பத்திரும்ப வரவழைக்கக்கூடாது. நேரடியா கேக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னா அரசு வக்கீல் எந்திரிச்சு சொல்லணும், அவர் சொல்லலைன்னா நீங்க அவர்கிட்ட மெதுவா ஞாபகப்படுத்தலாம், தப்பே இல்ல. நான் பிள்ளைங்களுக்கு ரெண்டே ரெண்டுதான் பழக்கி விடறது: "புரியல, திரும்ப கேளுங்க", "எனக்கு ஞாபகம் இல்ல". இந்த ரெண்டையும் சொல்ல அனுமதி இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். பள்ளிக்கூடத்துல தெரியாதுன்னு சொன்னா அடி விழும்ல, அதே நெனப்புலதான் வருதுங்க.

அப்புறம் சத்தியம். ஒரு பையன் வாயவே தொறக்கல. வெளிய கூட்டிட்டு வந்து கேட்டா, சத்தியம் பண்ணிட்டு ஏதாவது தப்பா சொல்லிட்டா அம்மா செத்துடுவாங்கன்னு பாட்டி சொல்லிருக்காங்களாம். பன்னண்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு சத்தியம்னா என்னன்னு புரியலைன்னு கோர்ட் நெனச்சா சத்தியம் இல்லாமலே சாட்சி எடுக்கலாம், 1969 சத்தியப் பிரமாணச் சட்டத்துலயே இருக்கு. சாட்சி சொல்ல இத்தன வயசாகணும்னும் கெடையாது, கேள்விய புரிஞ்சுக்கிட்டு ஒழுங்கா பதில் சொல்ல முடிஞ்சா போதும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது வராண்டாலதான். உள்ள எதிரிய, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன, பிள்ளை கண்ணுல படாம மறைக்கணும்னு 36ஆவது பிரிவு சொல்லுது, திரை கட்டலாம், வீடியோ வழியாவும் எடுக்கலாம். சரி, வெளிய? காலைல பத்து மணிலேர்ந்து ஒரே பெஞ்சு, எதிர்ல அவனோட சொந்தக்காரங்க நின்னு மொறைச்சுக்கிட்டு. ஒரு கோர்ட்ல டவாலி பிள்ளையோட பேர அப்பா பேரோட சேத்து மூணு தடவ சத்தமா கூப்பிட்டாரு, பேரே வெளிய வரக்கூடாத கேஸ்ல! அப்புறம் பெஞ்ச் கிளார்க்கிட்ட பேசி, நானே உள்ள கூட்டிட்டு வரேன்னு ஏற்பாடு பண்ணோம். இதுக்குத்தான் டெல்லி கர்கர்டூமா கோர்ட்ல 2012லயே தனி வழி, தனி ரூமோட இந்த மாதிரி சாட்சிகளுக்குன்னு ஒரு எடம் தொறந்தாங்க, 2022ல சுப்ரீம் கோர்ட் மாவட்டத்துக்கு ஒண்ணாவது வேணும்னு உத்தரவு போட்டுச்சு. உங்க கோர்ட்ல அந்த ரூம் இருக்கான்னு முன்னாடியே விசாரிங்க, இருந்தும் பூட்டி வச்சிருக்கற எடத்த நான் பாத்திருக்கேன்.

30 நாளுக்குள்ள பிள்ளையோட சாட்சி எடுக்கணும், ஒரு வருஷத்துக்குள்ள முடிஞ்சவரை கேஸ முடிக்கணும்னு 35ஆவது பிரிவு. நடக்கறது வேற, வாய்தா மேல வாய்தா. ரெண்டாவது படிக்கும்போது நடந்தத அஞ்சாவது படிக்கும்போது கேட்டா தேதி எப்படி ஞாபகம் இருக்கும். "பொங்கலுக்கு முன்னாடி, புது யூனிபார்ம் குடுத்தப்ப"ன்னு சொல்லும், அதுவே போதும், தேதிய போட்டு திணிக்காதீங்க.

சாட்சி முடிஞ்ச அன்னிக்கு ஆட்டோல ஏறின உடனே "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன"ன்னு ஆரம்பிக்காதீங்க. பசிக்கும், மொதல்ல சாப்பாடு வாங்கிக் குடுங்க. அந்த மூணு "சரி" சொன்ன பாப்பா பாதி தோசை சாப்பிட்டுட்டு என்னைப் பாத்து, "அக்கா, அந்த வக்கீல் மாமாவுக்கு நான் போனது இன்னும் தெரியலையா?"ன்னு கேட்டா. தெரியும்டா, அவரு வேலை அதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப எதுக்கு என்கிட்ட கேட்டாரு"ன்னா.