யாரோடு யாரை ஒப்பிட்டீர்கள்?

கொழும்பில் மருத்துவ ஆய்வுகளுக்கும் சமூக ஆய்வுகளுக்கும் புள்ளிவிவர ஆலோசனை சொல்வது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் முடித்த கணக்கோடுதான் வருகிறார்கள். "பி மதிப்பு 0.05க்குக் குறைவு, எழுதலாம்தானே?" என்பதுதான் கேள்வி. (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு.) நான் முதலில் பார்ப்பது அதையல்ல. யாரை யாரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் நீரிழிவு கிளினிக்கில் உணவுக் கட்டுப்பாட்டு வகுப்பு நடக்கிறது என்று வையுங்கள். வகுப்புக்கு வந்தவர்களின் சீனி அளவு ஆறு மாதத்தில் நன்றாக இறங்கியிருக்கிறது, வராதவர்களுக்கு இறங்கவில்லை. வகுப்புதான் காரணமா? யார் வந்தார்கள் என்று பாருங்கள். மாதச் சம்பளக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பிள்ளை கூட்டிக்கொண்டு வரும் அம்மா. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கு ஒரு காலைப் பொழுது போனால் அன்றைய கூலியே போச்சு, அவர் எங்கே வகுப்புக்கு வருவது? வகுப்பே நடக்காவிட்டாலும் இந்த இரு கூட்டத்தின் சீனி அளவும் ஒன்றாக இருந்திருக்காது.

இதற்கு ஒரு பழைய வழி, ஜோடி சேர்ப்பது. 1950இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் டோலும் ஹில்லும் புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி வெளியிட்ட ஆய்வில் 709 நோயாளிகளுக்கும் ஆளுக்கொரு துணை தேடினார்கள்: அதே பால், அதே ஐந்தாண்டு வயதுப் பிரிவு, அதே ஆஸ்பத்திரியில் வேறு நோய்க்கு வந்தவர். 649 ஆண் நோயாளிகளில் புகைக்காதவர்கள் 2 பேர். அவர்களின் துணைகளில் 27 பேர். இரு பக்கமும் ஒரே வயதுக்காரர்கள் என்பதால் "வயதுதான் காரணம்" என்று யாரும் தப்பிக்க முடியவில்லை.

வயதும் பாலும் மட்டும் என்றால் கையாலேயே சேர்த்துவிடலாம். படிப்பு, நோய் வந்து எத்தனை வருடம், இன்சுலின் போடுகிறாரா, எடை என்று கூடும்போது அப்படியே ஒத்த ஆள் கிடைக்கமாட்டார். ஏறத்தாழ ஒத்தவரைத்தான் தேட வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

வயதை மட்டும் வைத்துப் பார்ப்போம். வகுப்புக்கு வந்தவர்கள் இருவர்: 40, 46. வராதவர்கள் இருவர்: 45, 52. கண்ணுக்கு முதலில் படுவது 46உம் 45உம். ஒரு வயதுதானே வித்தியாசம், சேர்த்துவிடுவோம். இப்போது 40க்கு மிஞ்சுவது 52. மொத்த வித்தியாசம் 13, அதில் ஒரு ஜோடிக்குள் மட்டும் 12 வருட இடைவெளி. மாற்றிச் சேர்த்தால் 40க்கு 45, 46க்கு 52. மொத்தம் 11, எந்த ஜோடியிலும் 6க்கு மேல் இல்லை. முதல் ஜோடியின் அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் எல்லோருக்கும் நல்ல ஜோடி அமைகிறது. கலியாணத் தரகர்களுக்கு இது புதிதல்ல.

இப்படி மொத்த வித்தியாசம் மிகக் குறைவாக வரும்படி சேர்ப்பதுதான் உகந்த பொருத்தம். ஒவ்வொரு பக்கமும் 20 பேர் என்றாலே சேர்க்கும் வழிகளின் எண்ணிக்கை 19 இலக்கம் வரும், எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க முடியாது. அமெரிக்கக் கணிதவியலாளர் ஹெரால்ட் கூன் 1955இல் ஒரு குறுக்குவழி தந்தார். கோனிக், ஏகர்வாரி என்ற இரு ஹங்கேரியர்களின் கணிதத்தில் நின்று செய்ததால் அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயர் வைத்தார். (ஜெர்மானியக் கணிதவியலாளர் யாக்கோபி அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்து லத்தீனில் எழுதி வைத்திருந்தது பின்னால்தான் தெரியவந்தது.) வேலையை ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்காகப் பிறந்தது, இன்று நுண்ணோக்கிக் காணொளியில் ஓடும் செல்லை ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அடையாளம் காணவும் பயன்படுகிறது. சிகிச்சை ஒப்பீடுகளுக்கு இதே சிந்தனையை 1989இல் எடுத்து வந்தவர் புள்ளியியலாளர் பால் ரோசன்பாம். ஆர் என்ற இலவச மென்பொருளில் மேட்ச்இட், ஆப்ட்மேட்ச் என்ற தொகுப்புகள் இதைச் சில நொடிகளில் செய்துவிடும்.

செய்த பிறகு என்ன பார்ப்பது? ஜோடி சேர்த்தபின் இரு பக்கமும் சமமாகிவிட்டதா என்று பி மதிப்பால் சோதிக்காதீர்கள். ஆட்கள் குறைந்தாலே பி மதிப்பு பெரிதாகிவிடும், சமம் போலத் தோன்றும். சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்டவிலகலால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுத்துப் பாருங்கள். 0.1க்குள் இருந்தால் பலரும் ஏற்பார்கள். அப்புறம், ஜோடி கிடைக்காமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்றும் எழுதுங்கள். இதை எழுதாத அறிக்கைகளைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

சரி, எவ்வளவு நன்றாகச் சேர்த்தாலும் தாளில் இல்லாததை எந்த முறையும் சமப்படுத்தாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று பல அவதானிப்பு ஆய்வுகள், அதாவது தாமாக எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் வெறுமனே கவனித்த ஆய்வுகள், சொல்லி வந்தன. 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த அமெரிக்கச் சோதனை 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது: மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் இதயநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. மாத்திரையைத் தாமாக எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாக வசதியும் உடல்நலமும் கூடியவர்கள் என்பது அந்த முரணுக்கு ஒரு முக்கிய விளக்கம். மாத்திரை தொடங்கிய வயதும் ஒரு காரணம் என்கிறார்கள். நம்முடைய கிளினிக் கொப்பியில் ஒருவர் நாட்கூலிக்காரரா மாதச் சம்பளக்காரரா என்று தேடினால் கிடைக்காது. படிவம் அச்சடிக்கும் முன்பே அந்தக் கேள்வியைச் சேருங்கள்.

சமூகவியலிலும் உகந்த பொருத்தம் உண்டு, வேறு வேலைக்கு. நீடில்மனும் வுன்ஷும் 1970இல் புரதங்களை ஒப்பிட உருவாக்கிய வழியை ஒத்த ஒன்றை, சமூகவியலாளர் ஆண்ட்ரூ அபட் எண்பதுகளில் மனிதரின் வாழ்க்கை வரிசைக்குக் கொண்டுவந்தார். ஜெர்மானிய இசைக்கலைஞர்களின் தொழில்வாழ்வை இப்படி ஒப்பிட்டார். நம் ஊருக்கு மாற்றினால் இப்படி இருக்கும். ஒருவருடைய ஆறு வருடம்: படிப்பு, படிப்பு, வேலையில்லை, கட்டார், கட்டார், சொந்தக் கடை. இன்னொருவருடையது: படிப்பு, வேலையில்லை, கட்டார், கட்டார், கட்டார், கடை. முதலாமவரிடம் ஒரு படிப்பை நீக்கி ஒரு கட்டாரைச் சேர்த்தால் இரண்டாமவர் ஆகிவிடுகிறார். நீக்க 1, சேர்க்க 1 என்று விலை வைத்தால் இருவருக்கும் உள்ள தூரம் 2.

அந்த விலையை வைப்பது ஆய்வாளர்தான், கணினி அல்ல. நீக்குவதும் சேர்ப்பதும் மலிவென்றால், எந்த வயதில் வெளிநாடு போனார் என்பது மங்கி, போனார் என்பது மட்டும் நிற்கும். ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது மலிவென்றால் வயது முன்னுக்கு வரும். இதற்கென ஆரில் உள்ள ட்ராமைனர் தொகுப்பில் இந்த விலைகளை இரண்டு மூன்று விதமாக மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுவேன். தூரம் குறைந்தவர்களைச் சேர்த்து அமைத்த குழுக்கள் விலைக்கேற்ப மாறிவிட்டால், அதைக் காட்டும் அட்டவணையையும் அறிக்கையில் போட வேண்டும். பின்னிணைப்பில் அல்ல, முடிவுகள் பகுதியிலேயே.