தோட்கோப்பு: நடந்தே வீடு சேர ஒரு பை

பேருந்து நின்றுபோன நாளில் வேலையிடத்திலிருந்து நடந்தே வீடு சேர, முன்கூட்டியே கட்டி வைக்கும் பைக்கு இணையத்தில் 'கெட் ஹோம் பேக்' என்று பெயர். தமிழில் அதைப் பலரும் 'அவசரகாலப் பை' என்று எழுதுகிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வெள்ளத்துக்கும் தீக்கும் வீட்டை விட்டு ஓடும்போது தூக்கிக்கொள்ளும் பைக்கும் அதே பெயர்தான். ஒன்று வீட்டை விட்டுப் போவதற்கு, மற்றது வீட்டுக்கு வருவதற்கு. திசை மாறினால் சரக்கும் மாற வேண்டும். பெயர் ஒன்றாகிப்போனதால், ரேஷன் கார்டும் நிலப் பத்திரமும் ஓசூர் சிப்காட் ஆலையின் லாக்கரில் கிடக்கும். நடக்க வேண்டிய நாளில் மாற்றுக் காலுறை ஒன்றுகூட இருக்காது.

ஓடும் பைக்கு ஆங்கிலத்தில் 'பக் அவுட் பேக்' என்று பெயர். 'பக் அவுட்' என்பது கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களிடம் பரவிய கொச்சை; இருந்த இடத்தை விட்டு அவசரமாகப் பின்வாங்குவதைக் குறித்தது. வீடு திரும்பும் பை அதற்குப் பின்னால் வந்த தம்பி. 'பேக்' என்ற சொல் பழைய நார்ஸ் மொழியின் 'பக்கி'யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பார்கள். நம் 'பை'க்கும் அதற்கும் உறவில்லை, ஒலி ஒப்புமைதான். 'அவசரம்' வடசொல். அங்கே அதற்கு 'தக்க சமயம், வாய்ப்பு' என்று பொருள்; பதற்றம் என்ற பொருள் நம் பேச்சில் சேர்ந்தது. பதற்றத்தில் கட்டும் பை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. வழியில் உண்ணக் கொண்டுபோவதை 'ஆற்றுணா' என்கிறது பழமொழி நானூறு. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. கற்றவனுக்கு எந்த நாடும் வேற்று நாடல்ல, அவனுக்கு ஆற்றுணா வேண்டியதில்லை என்பது பாட்டின் கருத்து. (கற்றவர்களும் கடலை மிட்டாய் எடுத்துக்கொள்வது நல்லது.) 'கட்டுச்சோறு' இன்றும் வழக்கில் உண்டு. ஆனால் இரண்டுமே சாப்பாட்டோடு நின்றுவிடுகின்றன.

பொருத்தமான சொல் நாலடியாரில் இருக்கிறது: "தோட்கோப்புக் காலத்தால் கொண்டுய்ம்மின்." ஆள் பார்த்துத் திரியும் கூற்றுவன் இருக்கிறான், ஆகவே வழிக்கு வேண்டியதை நேரத்தோடு எடுத்துக்கொண்டு பிழையுங்கள் என்கிறது அந்தப் பாட்டு. அங்கே தோட்கோப்பு அறத்துக்கு உவமை. உரைகள் அதற்குக் கட்டுச்சோறு என்றே பொருள் தருகின்றன. ஆனால் சொல்லின் உறுப்புகளில் சோறு இல்லை. தோள் + கோப்பு. ளகரம் ககரத்தின் முன் டகரமானது. கோப்பு, 'கோ' என்ற வினையிலிருந்து வந்தது: கோத்தது, ஒழுங்காகச் சேர்த்தது. இன்று அலுவலகத்தில் தாள்களைச் சேர்த்துக் கட்டியதைக் கோப்பு என்பதும் இதே சொல்தான். தோளில் போவது, ஒழுங்காகக் கோத்தது, 'காலத்தால்' எடுத்து வைத்தது என்று பை கட்டும் முறை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. எழுத்தில் தோட்கோப்பு என்றே எழுதலாம். பேச்சுக்கு 'வழிப்பை' போதும்; முதலில் கேட்கும்போது வழிப்பறி நினைவுக்கு வரும், பழகிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் சொல்லுக்கு வேலை உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையால் பேருந்துகள் எல்லையோடு நின்றபோது அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையில் மூட்டை முடிச்சோடு ஆட்கள் நடந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டிச் சாலைகள் அறுந்தன.

முதலில் தூரத்தைக் கணக்கிடுங்கள், பை பிறகு. சுமையோடு, மணிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து நடந்தால் மணிக்கு 3 முதல் 3.5 கி.மீ. தான் தேறும். ஓசூரிலிருந்து சூளகிரி சுமார் 25 கி.மீ., அதாவது ஏழு, எட்டு மணி நேரம். கிருஷ்ணகிரி வரை என்றால் சுமார் 50 கி.மீ.; நாற்காலியில் வேலை செய்பவர் அதை ஒரே நாளில் முடிக்க நினைக்கக் கூடாது. நடுவில் தெரிந்தவர் வீடு ஒன்றை முன்பே பேசி வைப்பதும் தோட்கோப்பில் சேர்த்திதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஜவளகிரிப் பக்கம் இருட்டிய பின் நடக்கவே கூடாது. யானை நடமாடும் வழிகள் அவை. வேலையிடத்திலேயே படுத்து, நன்றாக விடிந்த பின் கிளம்ப வேண்டும். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். அடியில் தளம் அரித்துப் போயிருந்தால் மேலிருந்து தெரியாது.

எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. அதில் 2 கிலோ தண்ணீருக்கே போய்விடும்: ஒரு லிட்டர் புட்டி இரண்டு. இரண்டு லிட்டர் புட்டி ஒன்று வேண்டாம், அது உடைந்தால் எல்லாம் போச்சு. முதுகை ஒட்டி வையுங்கள்; வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுத்துத் தோள்பட்டை கடுக்கும். இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் ஆழ்குழாய்த் தண்ணீருக்குப் பயப்படுவார்கள். அது ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லையும் எலும்பையும் கெடுப்பது, ஒருநாள் வழியில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வழியில் படுக்க வைப்பது கிருமி. அதற்குக் குளோரின் மாத்திரை. உறையில் உள்ள அளவுப்படி போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். கலங்கல் நீரென்றால் முதலில் துணியில் வடிகட்டுங்கள், சேறு குளோரினைத் தின்றுவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. பெரிய பொட்டலத்துக்கு ஒரு முழு லிட்டர் தண்ணீர். குறைவான நீரில் கரைத்தால் நன்மைக்குப் பதில் தாகம்தான் கூடும்.

களி உண்டு வளர்ந்த ஊர் என்றாலும் களி பையில் நிற்காது. புளிச்சோறு ஒருநாள் தாங்கும், மாதக்கணக்கில் காத்திருக்கும் பைக்கு உதவாது. நன்றாக வறுத்த கேழ்வரகு மாவு 150 கிராமில் வெல்லத்தூள் கலந்து வைத்தால் தண்ணீரில் கரைத்தே குடிக்கலாம், அடுப்பு வேண்டாம். வறுவல் போதாவிட்டால் வயிறு உப்பும். கூடவே கடலை மிட்டாய் 200 கிராம், ஏறக்குறைய ஆயிரம் கலோரி. இரண்டு மாதத்தில் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும், தின்றுவிட்டுப் புதிதாக வைக்கவும்.

நடையை நிறுத்துவது பசியல்ல, பாதம். ஆலையின் இரும்பு முனைச் சப்பாத்தோடு 25 கி.மீ. நடந்தால் விரல் நகம் கறுக்கும். பழகிய நடைச்செருப்பு அல்லது ஷூ ஒரு ஜோடி பையில் இருக்கட்டும், புதியதல்ல. காலுறை இரண்டு ஜோடி, ஈரமானதும் மாற்றுங்கள். குதிகாலில் சூடு தெரிந்தவுடனே பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளம் எழாது. எழுந்த பின் ஒட்டினால் அடுத்த நாளுக்கும் வலி. தொடை இடுக்குக்கு வாசலைன்.

மற்றவை சுருக்கமாக: தலைவிளக்கு, அதன் பேட்டரி வெளியே தனிப் பொட்டலத்தில் (உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகளை அரிக்கும்). 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், மின்சாரம் மாறும்போது வீணாவது போக இரண்டு முறைக்கு மேல் போன் நிரம்பாது. வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் அதை வைக்காதீர்கள். 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக 500. நெட்வொர்க் போனால் ஜிபே இல்லை. வீட்டு எண்களும் மாவட்டப் பேரிடர் அறை எண் 1077-உம் தாளில். மழைக்கோட்டு, விசில், ஒளி எதிரொளிக்கும் பட்டை. ஆதாரின் நகல் மட்டும், அசல் வீட்டில்.

நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக நடக்க வேண்டும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதில் இறங்கிவிடுங்கள்.

பையை ஆண்டுக்கு இரண்டு முறை பிரித்துக் கோக்க வேண்டும். பங்குனிக் கடைசியில் மழைக்கோட்டு வெளியே வந்து மூன்றாவது தண்ணீர்ப் புட்டி உள்ளே போகும், புரட்டாசியில் அது மாறும்.