தமிழில் ஒரு ‘இல்’, ஆங்கிலத்தில் எத்தனை?

உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், முகம் வாடி என் ஆங்கில வகுப்புக்கு வந்தார். விருந்தினராக வந்த ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு வான் ஒழுங்கு செய்துவிட்டு, ‘இன் ஃப்ரண்ட் ஒவ் த பாங்க்’ நிற்கச் சொல்லியிருக்கிறார். அவர் வங்கி வாசலிலேயே நின்றார். வான் நின்றதோ வீதிக்கு அந்தப் பக்கம். அரை மணி நேரம் வெயிலில் காய்ந்து போனார் பாவம்.

நாங்கள் ‘வங்கிக்கு முன்னால’ என்றால் வாசலும் ஆகும், எதிரே உள்ள கடையடியும் ஆகும். ஆங்கிலத்தில் வீதிக்கு மறுபக்கம் என்றால் ‘ஒப்பசிட்’ என்றே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. தமிழில் யோசித்து, வேற்றுமை உருபுக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பொருத்துகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

நான் கோணேசர் கோயிலை வைத்துத்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். கோயில் திருகோணமலையில் இருக்கிறது: ஊரின் எல்லைக்குள், அதனால் ‘இன்’. அதே கோயில் சுவாமி மலை என்ற பாறையில் இருக்கிறது: பாறையின் மேல், ‘ஒன்’. ‘பின்னேரம் கோயிலில் சந்திப்போம்’ என்றால் கோயில் வெறும் சந்திக்கும் இடம், ‘அற்’. மூன்றுக்கும் தமிழில் ஒரே ‘இல்’. துறைமுகமும் அப்படித்தான். கப்பல் நிற்பது ‘இன் த ஹார்பர்’, நாங்கள் வாசலில் காத்திருப்பது ‘அற் த ஹார்பர்’. பஸ்ஸுக்கு ‘ஒன்’, ஓட்டோவுக்கு ‘இன்’. எழும்பி நடக்க இடமுள்ள வாகனமா என்று பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும். 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் 1 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் இருக்கிறது. அந்தத் தள்ளியிருத்தலுக்கு ‘ஒஃப் நிலாவெளி’.

அப்புறம் ‘ஓடு’. இதில் விழும் பிழைதான் எனக்கு அதிகம் கவலை, ஏனென்றால் இது விசா படிவத்திலும் நேர்முகத்திலும் வருகிறது. ‘அவரோடு கலியாணம்’ என்று மனதில் ஓடுவதால் ‘ஐ ஆம் மரீட் வித் அன் எஞ்சினியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ‘மரீட் டு’. நிச்சயதார்த்தமும் ‘என்கேஜ்ட் டு’ தான். ‘ஷி மரீட் அன் எஞ்சினியர்’ என்று நடந்ததைச் சொன்னால் இடையில் எந்தச் சொல்லும் வேண்டாம். ‘மரீட் பை’ என்று போட்டால், அவர் கலியாணத்தை நடத்திவைத்தவர் என்றாகிவிடும்!

ஆனால் ‘மரீட் வித் டூ சில்ட்ரன்’ சரியான ஆங்கிலம். கலியாணமானவர், இரண்டு பிள்ளைகள் உண்டு என்பதுதான் அதன் பொருள். இந்த வரியை எங்கோ பார்த்துவிட்டு, புருஷன் பெயருக்கு முன்னும் ‘வித்’ போட்டவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வியாபாரக் கூட்டு வேறு. ‘மச்சானோடு பங்குக்குக் கடை’ என்பதற்கு ‘இன் பார்ட்னர்ஷிப் வித்’ என்று தயங்காமல் எழுதலாம்.

படிவம் அனுப்பமுதல் யாரிடமாவது காட்டுகிறீர்களா? கலியாண வரியை முதலில் காட்டுங்கள்.