அண்ணன் இந்தியன், தங்கை யார்? முகாமில் பிறந்தவர்கள் பார்க்க வேண்டிய தேதிகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு அண்ணனும் தங்கையும் என்னைப் பார்க்க வந்தார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்கள். அண்ணன் பெயின்டிங் வேலைக்குப் போகிறார், தங்கை துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். இருவரும் பிறந்தது மண்டபம் முகாமில். அண்ணன் 1986 நவம்பரில், தங்கை 1988 மார்ச்சில். பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, சட்டப்படி நீங்கள் பிறந்தபோதே இந்தியக் குடிமகன். தங்கச்சி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை" என்றேன்.

"ஒரே அம்மா, ஒரே முகாம் சார். அவனுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டார் அந்தப் பெண்.

1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் தாராளமாகத்தான் இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் இந்த மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், இந்தியக் குடிமகன். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு எதிரான அசாம் போராட்டத்துக்கும், அதை முடித்துவைத்த 1985 ஒப்பந்தத்துக்கும் பிறகு 1986இல் சட்டம் திருத்தப்பட்டது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. ஒருவர் இந்தியராக இருந்தால், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் உயிர் தப்பிப் படகில் வந்த எல்லோரையும் சட்டம் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறது.

ஆக, 1983 கலவரத்துக்குப் பின் இங்கே வந்த குடும்பங்களில் 1987 ஜூன் 30க்குள் பிறந்த குழந்தைகள் பிறப்பால் இந்தியர்கள். இன்று அவர்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது. இது தெரியாமலே பலர் இன்னும் முகாமில் தலைக்கணக்கு எடுக்கும்போது வரிசையில் நிற்கிறார்கள். மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்கள் தயங்காமல் கேட்கலாம். பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடிப் பிடித்து, கோட்டாட்சியர் மூலம் தாமதப் பதிவுக்கு மனுக் கொடுங்கள். ஆதார் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அது அடையாளத்துக்கு மட்டும்தான். தரகரிடம் பணம் கட்டி வாக்காளர் அட்டையோ கடவுச்சீட்டோ வாங்கவே வாங்காதீர்கள். பொய் விவரம் கொடுத்ததாக ஒரு வழக்கு விழுந்துவிட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் சிக்கலாகிவிடும்.

முகாம்களில் இருக்கும் சுமார் 58,000 பேரில் ஒரு பகுதியினர் மலையகத்தவர்கள், அதாவது இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இங்கிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் கதை இன்னும் வேதனையானது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்து ஒப்பந்தம் பாதிப் பாதியாகப் பங்கிட்டது. போரால் 1984இல் இந்தியாவுக்கு வரும் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமை கிடைத்தும் ஏற முடியாமல் போனவர்கள் உண்டு.

இந்திய வம்சாவளியினர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கச் சட்டத்தின் 5ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் விண்ணப்பிப்பவரோ அவருடைய அப்பா அம்மாவில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தாவின் ஊர் திருச்சி, சேலம் என்பது மட்டும் போதாது. அதற்கு மேல் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற தடை வேறு.

2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு இந்தத் தடையை நீக்கியது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒரு விலக்கு அளித்தது. ஆவணமின்றி வந்ததற்காகத் தண்டனை இல்லை என்பது பெரிய நிம்மதிதான், ஆனால் அது குடியுரிமை ஆகாது.

போர் முடிந்துவிட்டது, திரும்பிப் போகலாமே என்பது ஒரு வாதம். இங்கே குடியுரிமை வாங்கினால் ஊரில் உள்ள காணி கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களும் உண்டு. அவர்கள் பயத்தை நான் மதிக்கிறேன். போக விரும்புகிறவர்கள் கௌரவமாகப் போக வேண்டும். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, அந்தத் தீவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களை 'திரும்பிப் போ' என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சரி, அந்தத் தங்கை விஷயம். பேசிக்கொண்டிருக்கும்போது, அம்மா கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர் என்று சொன்னார். "சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று தாத்தா எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்டேன். கண்டியில் வாங்கிய ஏதோ ஒரு பாஸ்போர்ட் இருந்ததாம், படகில் வந்தபோது அம்மா அதையும் துணியில் சுற்றி எடுத்து வந்தாராம். 1988க்கு முன்பே அம்மா இந்தியக் குடிமகளாகப் பதிவாகியிருந்தால், அம்மா வழியில் இந்தப் பெண்ணும் பிறப்பால் இந்தியர்தான். டிரங்குப் பெட்டியைத் தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.