ஷெஃபீல்டு கப்பலில் தண்ணீர் ஏன் வரவில்லை?

கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தீயணைப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பஞ்சு மில்லானாலும் இரும்புப் பட்டறையானாலும் நான் முதலில் சொல்வது ஒரு போர்க்கப்பலைப் பற்றித்தான்.

1982 மே 4, ஃபாக்லாந்து போர். அர்ஜென்டினா விமானம் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை, பிரிட்டிஷ் கடற்படையின் ஷெஃபீல்டு கப்பலைப் பக்கவாட்டில் துளைத்தது. 20 பேர் இறந்தார்கள். ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை. தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் உடைந்து, அழுத்தம் போய், நெருப்பு ஒருபக்கம் பரவ, கரும்புகை அறை அறையாக நிறைந்து, உள்ளே நிற்கவே முடியாமல் மணிக்கணக்கில் போராடிய பிறகுதான் கப்பலைக் கைவிட்டார்கள். இழுத்துச் செல்லும் வழியில் மே 10 அன்று அது மூழ்கியது.

1987 மே மாதம் அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பலை ஈராக் விமானத்தின் இரண்டு எக்ஸோசெட்டுகள் தாக்கி 37 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று வெடிக்கவே இல்லை, அந்த ஏவுகணையில் மிச்சமிருந்த எரிபொருளே பெருந்தீயாகிவிட்டது. விடிய விடிய அணைத்து அந்தக் கப்பலைக் காப்பாற்றினார்கள்.

இதைச் சொன்னால் தொழிற்சாலைக்காரர்கள், "நம்மகிட்டத்தான் ஹைட்ரன்ட் லைன் இருக்கே சார்" என்பார்கள். தீயணைப்புத் தண்ணீர்க் குழாயைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சரி, அந்த லைன் ஓரிடத்தில் உடைந்தால்? லைன் வளையமாக இருந்து, உடைந்த துண்டை மட்டும் பிரிக்க இடையிடையே வால்வுகளும் இருந்தால் மறுபக்கத்துத் தண்ணீர் வரும். நான் பார்க்கும் பல இடங்களில் அந்த வால்வு துருப்பிடித்து, பெயின்ட் பூசி, திருகவே முடியாமல் கிடக்கிறது. கரண்ட் போனால் ஓட வேண்டிய டீசல் பம்புக்கு பேட்டரி செத்திருக்கிறது. இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் துணி. ஃபாக்லாந்தில் செயற்கை இழை உடுப்புகள் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக் காயத்தை மோசமாக்கின. நம் பக்கம் வெல்டிங் செய்யும் தம்பிகள் பாலியஸ்டர் டி-ஷர்ட்டோடு நிற்கிறார்கள். பருத்திச் சட்டையும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது. தம்பிகளா, முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள், அதன்மேல் தோல் ஏப்ரனும் கட்டாயம்.

இந்த வாரமே ஷிஃப்ட் ஆட்களோடு போய் எல்லா வால்வையும் திருகிப் பாருங்கள். திரும்பாததை மெயின்டெனன்ஸில் எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கிய நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.